கோர்ட் வரிசைகளைப் பழகச் சொந்தமாகப் பக்கிங் ட்ராக் செய்வது எப்படி: வன்னியில் கையில் இருப்பதை வைத்தே ஒரு முழுமையான வழிகாட்டி

ஜி, டி, ஈ மைனர், சி என்ற நான்கு கோர்ட்டும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) கிற்றார் பழகுகிறவருக்குச் சில கிழமைகளில் விரலுக்கு வந்துவிடும். ஆனால் ட்ரம்ஸ் அடிக்கத் தொடங்கியதும் கை தடுமாறும். தனியே வாசிக்கும்போது அடுத்த கோர்ட் பிடிபடும்வரை தாளத்தை நாமே கொஞ்சம் இழுத்துவைத்துக்கொள்கிறோம், அது நமக்கே தெரிவதில்லை. ட்ரம்ஸ் யாருக்காகவும் நிற்காது. இந்தக் குறை ஆட்களோடு சேர்ந்து வாசித்தால் போகும். ஆனால் மல்லாவியில் ஒருவர், ஒட்டுசுட்டானில் ஒருவர், பரந்தனில் ஒருவர் என்று இருக்கும்போது ட்ரம்மரையும் பேஸ்காரரையும் கிழமைக்கு மூன்று நாள் ஒன்றாக இருத்துவது நடக்கிற காரியமில்லை. கோயில் திருவிழாவோ தேவாலயப் பெருநாளோ நெருங்கினால்தான் குழு கூடும். அப்போது பழக நேரமிருக்காது, பாட்டுத்தான் ஓடும்.

யூரியூப்பில் ஆயத்தப் பக்கிங் ட்ராக்குகள், அதாவது கூடச் சேர்ந்து வாசிப்பதற்கான பின்னணி இசைப் பதிவுகள், ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால் அவற்றின் வேகத்தையும் சுருதியையும் இன்னொருவர் முடிவுசெய்துவிட்டார். அதைவிடப் பெரிய குறை, பெரும்பாலானவற்றில் கிற்றார் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு கோர்ட்டைத் தவறவிட்டாலும் அந்தக் கிற்றார் மூடிவிடும், பிழை காதில் விழாது.

ஆகவே பயிற்சி ட்ராக்கில் எதைப் போடுவது என்பதைவிட எதைப் போடாமல் விடுவது என்பதுதான் முதல் முடிவு. நீங்கள் பழகப்போகிற வேலை ட்ராக்கில் இருக்கக்கூடாது. கோர்ட் மாற்றிப் பழக வேண்டுமா, ட்ரம்ஸும் பேஸும் மட்டும் போதும். சோலோ வாசித்துப் பழக வேண்டுமா, அப்போது கோர்ட் வேண்டும், ஆனால் மேலே மெலடி இருக்கக்கூடாது. பேஸ் பழகுகிறவருக்கு ட்ரம்ஸும் கோர்ட்டும். ஒரே வரிசையிலிருந்து இந்த மூன்றையும் எடுக்கலாம். ஒருமுறை அடுக்கிவிட்டால் ஒவ்வொரு பகுதியாக மியூட் செய்து தனித்தனியாக எடுத்துக்கொள்வதுதான் வேலை.

முதலில் தாளில்

மென்பொருளைத் திறக்க முன் ஒரு கொப்பித் தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: சுருதி, வேகம், ஒரு சுற்றுக்கு எத்தனை பார் (தாளத்தின் ஒரு கூறு, பெரும்பாலும் நான்கு அடி), எந்தக் கோர்ட் எத்தனை அடி. இதை எழுதாமல் தொடங்கினால் பாதியில் 'ஏ மைனருக்கு இரண்டு பாரா, ஒன்றா' என்று தேட வேண்டிவரும்.

நான்கு அடித் தாளத்தில் ஒரு பாரின் நீளத்தை அறிய 240ஐ வேகத்தால் பிரியுங்கள். 60 பி.பி.எம் (நிமிடத்துக்கு 60 அடி) என்றால் ஒரு பார் 4 விநாடி. 80 என்றால் 3. 100 என்றால் 2.4, 120 என்றால் 2. இதன்படி 80இல் 100 பார் அடுக்கினால் சரியாக 5 நிமிடம். நான்கு பார் வரிசை 25 தரம் சுற்றும். ஒரு பயிற்சிக்கு அது அளவான நீளம். அதற்கு மேல் கவனம் சிதறும்.

வேகத்தை எப்போதும் குறைத்தே தொடங்குங்கள். புதிய கோர்ட் வரிசைக்கு 60 அல்லது 70 போதும். பிழையின்றித் தொடர்ந்து 8 சுற்றுப் போனால் 5 கூட்டலாம். 60க்குக் கீழே போவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: அடிகளுக்கு இடையில் வெளி கூடிவிடுவதால் தாளத்தைப் பிடித்துவைத்திருப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். அவ்வளவு மெதுவாக வேண்டுமென்றால் ஹைஹாட் (ட்ரம்ஸின் சிறு இரட்டைச் சிம்பல்) அடிகளை இரட்டிப்பாக்குங்கள்.

எந்த வரிசைகள்

கோர்ட்டுகளைப் பெயரால் அல்லாமல் இலக்கத்தால் நினைவில் வைத்தால் சுருதி மாற்றுவது சுலபம். சி மேஜரில் சி 1, டி மைனர் 2, ஈ மைனர் 3, எஃப் 4, ஜி 5, ஏ மைனர் 6. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: சட்சத்தை எங்கே வைத்தாலும் சுரங்களின் உறவு மாறாது என்பதே இங்கும் நடக்கிறது. கட்டைக் கணக்கில் 1 கட்டை சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ.

முதலில் செய்ய வேண்டியது 1–5–6–4. சியில் அது சி, ஜி, ஏ மைனர், எஃப். ஆனால் தொடக்கக்காரருக்கு எஃப்பின் பார் கோர்ட் (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்காக அழுத்திப் பிடிப்பது) பெரிய தடை. அந்த ஒன்றுக்காக முழு ட்ராக்கும் வீணாகும். ஜியில் செய்யுங்கள்: ஜி, டி, ஈ மைனர், சி. அடுத்தது 1–6–4–5, பழைய மெல்லிசைப் பாட்டுகளிலும் தேவாலயப் பாடல்களிலும் அடிக்கடி வரும். மூன்றாவது, மைனரில் இறங்குகிற ஏ மைனர், ஜி, எஃப், ஈ. இதில் கடைசிக் கோர்ட் ஈ மேஜர், ஈ மைனர் அல்ல. அதற்குள் இருக்கும் ஜி ஷார்ப் தான் மறுபடி ஏ மைனருக்கு இழுத்துவருகிறது.

பைலாவுக்கு 6/8 தாளத்தில் 1–4–5. கலியாண வீட்டில் வாசிக்கப்போகிற எவரும் இதைத் தவிர்க்க முடியாது. 4/4இல் மட்டும் பழகியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். ப்ளூஸ் 12 பார்: ஏ7 நான்கு பார், டி7 இரண்டு, ஏ7 இரண்டு, பிறகு ஈ7, டி7, ஏ7, ஈ7 ஒவ்வொரு பார். ஜாஸ் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு 2–5–1: டி மைனர்7 ஒரு பார், ஜி7 ஒரு பார், சி மேஜர்7 இரண்டு பார். இவ்வளவும் கைவந்தால் மேடையில் வருவதில் பெரும்பகுதி கைவந்துவிடும்.

வழி ஒன்று: ஓர்கனும் போனும்

ஆட்டோ அக்கம்பனிமென்ட் உள்ள யமஹா அல்லது கசியோ ஓர்கன் பல தேவாலயங்களிலும் சில பாடசாலைகளிலும் இருக்கும். அரை மணித்தியாலம் கேட்டு வாங்க முடிந்தால் நாலைந்து ட்ராக்குக்குப் போதும்.

ஸ்டைல் தெரிவில் ஆடம்பரத்தைத் தவிருங்கள். 8 பீட் ஒன்று, 6/8க்கு ஸ்லோ ரொக் ஒன்று, இவை போதும். வேகத்தை இலக்கத்தில் வையுங்கள். ட்ரான்ஸ்போஸ் பூச்சியத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாடகருக்காக யாரோ ஏற்றியோ இறக்கியோ வைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். டியூனிங் 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். பிறகு ஏசிஎம்பி (ஆட்டோ அக்கம்பனிமென்ட்) பொத்தானை அழுத்தி, சிங்க் ஸ்டார்ட்டைப் போட்டு, இடது கையால் முதல் கோர்ட்டைப் பிடித்தால் தாளம் அந்த நொடியே தொடங்கும்.

மெயின் ஏ பிரிவிலேயே நில்லுங்கள். மெயின் பி வாத்தியங்களைக் கூட்டும், பழகுவதற்கு அது இடைஞ்சல். கோர்ட்டை முதலாம் அடிக்கு மயிரிழை முன்னே மாற்ற வேண்டும். பிந்தினால் அந்தப் பாரின் முதல் அடியில் பேஸ் பழைய கோர்ட்டிலேயே விழும். பிறகு ட்ராக்கைக் கேட்டுப் பழகும்போது எங்கே மாற்றுவது என்பதே குழம்பும். மிகவும் முந்தினால் நாலாம் அடி கெடும். முதல் இரண்டு சுற்றில் இது சரிவராது, ஓடவிட்டு மூன்றாம் சுற்றிலிருந்து எடுங்கள்.

பெரிய மாடல்களில் ரிதம், பேஸ், கோர்ட் 1, கோர்ட் 2, பாட், ஃப்ரேஸ் 1, ஃப்ரேஸ் 2 என்று தனித்தனியாக நிறுத்தலாம். ஃப்ரேஸ் இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். அந்தச் சின்னச் சின்ன அலங்காரங்கள் உங்கள் சோலோவோடு மோதும். சிறிய மாடல்களில் இந்த வசதி கிடையாது. அதற்கு ஒரு மாற்று வழி: ஏசிஎம்பியை அணைத்தால் ட்ரம்ஸ் மட்டும் ஓடும். பேஸ் வொய்ஸைத் தெரிவுசெய்து, முதலாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் கோர்ட்டின் மூலச் சுரத்தை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டு போங்கள். கோர்ட் இல்லாத ட்ராக் இப்படியே கிடைத்துவிடும்.

பதிவு செய்ய, ஓர்கனின் ஃபோன்ஸ்/அவுட்புட் துளையிலிருந்து லப்டொப்புக்கு வயர் போடுவது நல்லது. பெரும்பாலான மாடல்களில் அந்தத் துளை 6.35 மில்லிமீற்றர், லப்டொப்பில் 3.5. லப்டொப்பில் ஒரே துளைதான் என்றால் மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கிற நான்கு தொடுமுனை கொண்ட ஸ்ப்ளிட்டர் தேவை, இல்லாவிட்டால் சத்தமே ஏறாது. மைக் உள்ளீடு மிக மெல்லிய சத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் ஓர்கன் வொலியூமை கால்பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் 'கர்' என்று கிழிந்து பதிவாகும், கிழிந்த சத்தத்தைப் பிறகு திருத்த முடியாது. அளவு காட்டும் கோடு −12க்கும் −6 டெசிபெலுக்கும் இடையில் ஆடினால் சரி. 'ஊம்' என்ற இரைச்சல் வந்தால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓடவிடுங்கள். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் பெரும்பாலும் சார்ஜர் வழியாகத்தான் வரும்.

வயர் இல்லையென்றால் போனை ஸ்பீக்கரிலிருந்து 30 முதல் 50 சென்ரிமீற்றர் தள்ளி, மேசையில் நேராக வைக்காமல் மடித்த துவாயின்மேல் வையுங்கள். மேசை அதிர்வு போனில் ஏறும். ஃபானை நிறுத்துங்கள். தகரக் கூரையென்றால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும்: காலையில் வெயில் ஏறும்போதும் பின்னேரம் இறங்கும்போதும் தகரம் விரிந்து சுருங்கி டக் டக் என்று வெடிக்கும், மாரியில் மழை தொடங்கினால் பதிவை மறந்துவிடலாம். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று விழுந்த இரவுதான் நல்ல நேரம். மயில் அகவுவதற்கு மட்டும் யாரும் நேரம் குறிக்க முடியாது.

வழி இரண்டு: லப்டொப்பில் எல்எம்எம்எஸ்

நீண்டகாலப் பயனுக்கு இதுவே சிறந்தது. எல்எம்எம்எஸ் என்ற இசை அடுக்கும் மென்பொருள் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும், தரவிறக்கிய பின் இணையம் தேவையில்லை. ஓர்கன் பதிவில் சுருதி மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் வாசிக்க வேண்டும். இங்கே நிமிடத்தில் முடியும். நல்ல சத்தத்துக்கு ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற இலவச சவுண்ட்ஃபொன்ட் (வாத்தியச் சத்தங்கள் அடங்கிய) கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 30 எம்பி. எல்எம்எம்எஸ்ஸுடன் வரும் சின்தசைசர் சத்தங்கள் பியானோவுக்கும் பேஸுக்கும் பொருத்தமாக இருக்காது.

1. மேலே வேகம் 140 என்று இருக்கும். அதில் இரட்டைக் கிளிக் செய்து 70 என்று மாற்றுங்கள். பக்கத்தில் தாளம் 4/4 இருக்கிறதா பாருங்கள். தாளத்தை மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் ஏற்கெனவே போட்டவற்றைத் திருத்த வேண்டிவரும்.

2. பீட் எடிட்டரைத் திறந்து, இடப்பக்கச் சாம்பிள் பட்டியலின் ட்ரம்ஸ் கோப்புறையிலிருந்து பேஸ் ட்ரம், ஸ்நேர், மூடிய ஹைஹாட் மூன்றையும் இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 பெட்டி, ஒரு பெட்டி கால் அடி. பேஸ் ட்ரம் 1, 9. ஸ்நேர் 5, 13. ஹைஹாட் 1, 3, 5, 7, 9, 11, 13, 15. உலகத்துப் பொப் பாட்டுகளில் பாதிக்கு இந்த அடி போதும். ஹைஹாட்டின் சத்தத்தை மற்றவற்றின் பாதிக்கு இறக்குங்கள். 5 நிமிடம் காதில் விழப்போவது அதுதான்.

3. இரண்டாவது பீட் ஒன்றைச் சேர்த்து அதில் ஒரு ஃபில் செய்யுங்கள்: முதல் இரண்டு அடியும் பழையபடி, பிறகு ஸ்நேர் 9, 11, 13, 14, 15, 16. இதை ஒவ்வொரு எட்டாவது பாரிலும் வையுங்கள். அலங்காரத்துக்காக அல்ல, இடையில் தடம் மாறினால் 'இதோ தொடக்கம் வருகிறது' என்று சொல்வது இந்த ஃபில் தான். இது இல்லாத ட்ராக்கில் ஒருமுறை தவறினால் திரும்ப ஏறுவது கடினம்.

4. சொங் எடிட்டரில் எஸ்எஃப்2 பிளேயரை இழுத்துவிட்டு சவுண்ட்ஃபொன்ட் கோப்பைத் திறந்து, பேஸுக்கு 33ஆம் இலக்கச் சத்தத்தைத் தெரிவுசெய்யுங்கள். பியானோ ரோலில் ஒவ்வொரு பாருக்கும் மூலச் சுரத்தை முதலாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் வையுங்கள். மூன்றாம் அடிக்கு ஐந்தாம் சுரத்தையும் போடலாம். முதலாம் அடியில் மூலச் சுரம் தவிர வேறெதுவும் வேண்டாம். சி கோர்ட்டுக்குக் கீழே ஈ ஒலித்தால் பழகுகிறவரின் காது ஈ மைனர் என்று ஏமாறும்.

5. கோர்ட்டுக்கு இன்னொரு எஸ்எஃப்2 பிளேயர். 0 பியானோ, 4 எலக்ட்ரிக் பியானோ, 24 நைலோன் கிற்றார். கிற்றார் பழகுகிறவர்கள் 4ஐ எடுங்கள். 24ஐ எடுத்தால் உங்கள் கையும் ட்ராக்கும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

கோர்ட்டுகளை அடுக்கும் விதம் முக்கியம். பியானோ ரோலில் கோர்ட் வகையைத் தெரிவுசெய்துவிட்டு ஒரு கிளிக்கில் மூன்று சுரத்தையும் போடும் வசதி உண்டு. ஆனால் அது எப்போதும் மூலச் சுரத்தைக் கீழே வைத்தே அடுக்கும். சியிலிருந்து ஜிக்குப் போகும்போது மூன்று சுரமும் ஒன்றாகத் துள்ளும், காதுக்குக் கொத்துகிற மாதிரி இருக்கும். அதைப் போட்டபின் கையால் நகர்த்திக் கிட்ட கிட்டக் கொண்டுவாருங்கள். கீழிருந்து மேலாக, சிக்கு ஜி சி ஈ. ஜிக்கு ஜி பி டி. ஏ மைனருக்கு ஏ சி ஈ. எஃப்புக்கு ஏ சி எஃப். சியிலிருந்து ஜிக்குப் போக ஜி அப்படியே நிற்கிறது, மற்ற இரண்டும் ஒரு படி இறங்குகின்றன. ஏ மைனரிலிருந்து எஃப்புக்கு ஒரே ஒரு சுரந்தான் அசைகிறது. இப்படி அடுக்கினால் கோர்ட் பின்னணியிலேயே இருக்கும், முன்னால் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

ஒவ்வொரு கோர்ட்டையும் பார் முடிய ஒரு கால் அடி முன்னே வெட்டுங்கள். முழு நீளம் விட்டால் பழைய கோர்ட்டின் வால் புதியதோடு கலந்து மங்கும், குறிப்பாக ஸ்ட்ரிங்ஸ், பாட் போன்ற இழுபடும் சத்தங்களில்.

6/8க்கு ஒரு விளக்கம் தேவை. தாளத்தை 6/8 ஆக்கினால் ஒரு பாரில் 12 பெட்டி வரும். ஹைஹாட் 1, 3, 5, 7, 9, 11, பேஸ் ட்ரம் 1, ஸ்நேர் 7. இங்கே பலர் வேகத்தில் ஏமாறுகிறார்கள். எல்எம்எம்எஸ் எண்ணுவது நான்கு பெட்டிக்கு ஒரு அடி. நாம் காலால் தட்டுவது ஆறு பெட்டிக்கு ஒரு அடி. ஆகவே தட்டுகிற வேகம் 60 வேண்டுமென்றால் 90 என்று போட வேண்டும், 80 வேண்டுமென்றால் 120.

ப்ளூஸ் ஷஃபிளையும் இந்த 12 பெட்டியில்தான் செய்ய வேண்டும். 16 பெட்டியில் அடியை மூன்றாகப் பிரிக்க முடியாது, எவ்வளவு முயன்றாலும் நொண்டும். ஹைஹாட் 1, 5, 7, 11, பேஸ் ட்ரம் 1, ஸ்நேர் 7. இப்படி இரண்டு பார் சேர்ந்தால் ப்ளூஸின் ஒரு பார், ஆகவே 12 பார் வட்டத்துக்கு 24 பார் அடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு பார் வெறும் ஹைஹாட் நான்கு அடி விடுங்கள். 70க்குக் கீழான வேகத்தில் இரண்டு பார். இந்தக் கவுண்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டாம் சுற்றில்தான் ஏறுவீர்கள்.

ஒரே அடுக்கிலிருந்து பல ட்ராக்

சேமித்த பின் மியூட் பொத்தான்களை வைத்து எடுக்கத் தொடங்கலாம். முழுமையானது ஒன்று. கோர்ட் இல்லாதது ஒன்று. பேஸ் இல்லாதது ஒன்று. இத்தோடு நிறுத்தாமல் இன்னும் மூன்றை முயன்று பாருங்கள்; இவைதான் ஆளை வளர்ப்பவை.

குரல் வழிகாட்டும் ட்ராக்: அடுத்த கோர்ட்டின் பெயரை ஒரு அடி முன்னே, அதாவது நாலாம் அடியில், போனில் பதிந்து சேர்ப்பது. 'டி', 'ஈ மைனர்' என்று குரல் வர, கை தயாராகும். சின்னப் பிள்ளைகளுக்கு இது மிக உதவி. ஒரு கிழமைக்குப் பின் குரலை மியூட் செய்த பதிப்புக்கு மாறுங்கள்.

மூன்றாம் சுரம் இல்லாத ட்ராக்: கோர்ட்டில் மூலச் சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் விட்டு நடுவை எடுத்துவிடுவது. மேஜரா மைனரா என்பதை இப்போது உங்கள் கைதான் சொல்ல வேண்டும். ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர் பிடித்தால் உடனே அம்பலமாகும். முழுக் கோர்ட்டும் சத்தமாக ஓடுகிற ட்ராக்கில் அது பாதி மறைந்துவிடும்.

விழுங்கும் ட்ராக்: 8 பாரில் 7ஆம், 8ஆம் பார்களை முற்றாக அமைதியாக்கி, அடுத்த முதலாம் அடியில் எல்லாம் திரும்ப வருவது. ஒடாசிற்றி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்+எல் அழுத்தினால் அமைதியாகிவிடும். ட்ரம்ஸ் திரும்பும்போது நீங்கள் முந்தி வந்து நிற்கிறீர்களா, பிந்தி வருகிறீர்களா என்பது அப்பட்டமாகத் தெரியும். பெரும்பாலானோர் முந்துவார்கள்.

பன்னிரண்டு சுருதிக்கும் ஒரு ட்ராக் வேண்டுமென்றால் சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி, ஈ, ஏ, டி, ஜி என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றிலும் நான்கு பார் வரிசையை இருமுறை அடுக்குங்கள். 96 பார்; 80இல் 4 நிமிடம் 48 விநாடி. ஓர்கன் வாசிப்பவர்களுக்கு இது பொன். பாடகர் மேடையில் நின்றுகொண்டு 'அரைக் கட்டை இறக்குங்கோ' என்று சொல்லும் நாள் வரும்.

தனித்தனிச் சுருதியில் எடுக்க மேலே உள்ள மாஸ்டர் பிட்ச் (மொத்தச் சுருதி) அளவை நகர்த்தினால் போதும், ஆனால் ட்ரம்ஸும் சேர்ந்து ஏறி இறங்கும். ஒவ்வொரு ட்ரம் வாத்தியத்தின் ஜன்னலிலும் மிஸ்க் பகுதிக்குப் போய் மாஸ்டர் பிட்ச் தெரிவை அணைத்துவிட்டு நகர்த்துங்கள். எடுத்து முடிந்த எம்பி3ஐ வேறு செயலியில் போட்டுச் சுருதி மாற்றுவதை இரண்டு மூன்று அரைச் சுரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஸ்நேர் தண்ணீருக்குள் அடிப்பது போலாகும்.

வாய்ப்பாட்டு, வயலின், புல்லாங்குழல் பழகுகிறவர்களுக்கு

ஆதி தாளத்தின் 8 அட்சரம் 4/4இல் இரண்டு பார். ஆகவே நான்கு பார் வரிசை இரண்டு ஆவர்த்தனம், கல்பனாசுரம் பழக வசதியான அளவு. சியை ஆதாரமாக வைத்த 1–5–6–4இல் சங்கராபரணம் முழுவதும் பொருந்தும். மோகனத்தின் ஐந்து சுரமும் நான்கு கோர்ட்டிலும் இடறாமல் போகும். ஜி கோர்ட்டில் மட்டும் சட்சத்தில் நீளமாக நிற்காதீர்கள், அடியில் ஒலிக்கும் பியுடன் உரசும். ஏயை ஆதாரமாக வைத்து ஏ மைனரும் டி மேஜரும் மாறி மாறி வருகிற ட்ராக் கரகரப்பிரியாவுக்கு. டியை ஆதாரமாக வைத்து டியும் சியும் மாறி வருவது அரிகாம்போதிக்கு. ஏ மைனர், ஜி, எஃப், ஈ இறக்கத்தில் எஃப் வரை நடபைரவி, ஈயில் கீரவாணியின் காகலி நிஷாதம்.

கமகம் கூடிய ராகங்களுக்கு முழுக் கோர்ட் வேண்டாம். அசையாத காந்தாரம் பின்னால் நிற்க, முன்னால் காந்தாரத்தை அசைத்துப் பாடினால் இரண்டும் சண்டை பிடிக்கும். சட்சமும் பஞ்சமமும் மட்டும் விடுங்கள். தோடியை கோர்ட்டுக்குள் அடைக்க முயல்வதை விட்டுவிடுவதே மேல்.

கையில் போன் மட்டும் இருந்தால்

இணையம் சீராக வருகிற இடமென்றால் பேண்ட்லாப் செயலியில் மேற்சொன்னதையே செய்யலாம். இல்லையென்றால் மெட்ரோனோமை ஒரு காதில் ஹெட்போனில் விட்டுக்கொண்டு, நண்பரின் கிற்றாரில் தடித்த கம்பிகளில் பேஸ் சுரங்களை மட்டும் வாசித்துப் பதியுங்கள், அடிக்குத் தாளமாக உள்ளங்கையால் கிற்றார் உடலைத் தட்டுங்கள். வடிவாக இராது, வேலை செய்யும். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் சத்தம் பிந்தி வரும். கேட்டு வாசிக்க மட்டுமென்றால் அது பாதிக்காது, கேட்டுக்கொண்டே பதியும்போது எல்லாம் ஒரு விரற்கடை பிந்திப் பதிவாகும்.

ஏற்றுமதியும் அதில் வரும் வில்லங்கங்களும்

பேஸும் பேஸ் ட்ரம்மும் ஒரே அளவில், கோர்ட் அவற்றைவிட 6 டெசிபெல் கீழே, மொத்தம் −3ஐத் தாண்டாமல் வையுங்கள். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பேஸ் கிற்றாரின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. கேட்காததால் பேஸை ஏற்றிக்கொண்டே போனால் பெரிய பெட்டியில் போட்டதும் வீடு அதிரும். போனில்தான் பழகப்போகிறீர்கள் என்றால் பேஸை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள்; சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை.

லூப் சுற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விக்கல் வருகிறதா? இரண்டு காரணம் இருக்கலாம். எல்எம்எம்எஸ் வழமையாகக் கடைசியில் ஒரு பார் கூடுதலாக விட்டுத்தான் எழுதும். ஏற்றுமதிப் பெட்டியில் லூப்பாக ஏற்றுமதி செய் என்பதைத் தெரிவுசெய்தால் போய்விடும். மற்றது எம்பி3. அந்த முறையே கோப்பின் முன்னும் பின்னும் மிகச் சிறிய வெறுமையைச் சேர்க்கும், அதை வெட்ட முடியாது. சிறு லூப்பைப் போனில் சுற்றவிட வேண்டுமென்றால் வேவ் அல்லது ஓஜிஜியில் எடுங்கள். எம்பி3தான் வேண்டுமென்றால் லூப்பை நம்பாமல் முழு 5 நிமிடத்தையும் அடுக்கி எடுங்கள்.

ஓர்கன் பதிவை வெட்டி லூப்பாக்குகிறவர்கள் ஒடாசிற்றியில் பகுதியைத் தெரிவுசெய்துவிட்டு 'இசட்' விசையை அழுத்துங்கள். வெட்டும் புள்ளி அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும், வெட்டிய இடத்தில் 'டிக்' என்ற சத்தம் வராது. பிறகு எஃபெக்ட் பட்டியலில் ரிபீட்.

அளவு: ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 5 நிமிட ட்ராக் 5 எம்பிக்குள் அடங்கும். ஒரே ஸ்பீக்கரில் கேட்பதென்றால் மோனோவில் 96 போதும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், பெயர் மாறாமல் போய்ச்சேரும். ஏற்றுமதிக்கு முன் திட்டக் கோப்பைச் சேமியுங்கள். கரண்ட் போய், பழைய லப்டொப்பின் பற்றரியும் செத்திருந்தால், சேமிக்காத அடுக்கு முழுதும் போய்விடும்.

பென் ட்ரைவ் குத்துகிற சிறிய ஸ்பீக்கரில் பழகுகிறவர்கள் வேவையும் ஓஜிஜியையும் நம்ப வேண்டாம், பல ஸ்பீக்கர்கள் எம்பி3 மட்டுமே வாசிக்கும். இன்னொன்று, அவற்றில் பல கோப்புகளைப் பெயர் ஒழுங்கில் அல்லாமல் பென்னில் ஏறிய ஒழுங்கில்தான் வாசிக்கும். 60, 65, 70 என்று வேகம் ஏற வேண்டிய ட்ராக்குகள் குலைந்து வந்தால் இதுதான் காரணம். பென்னை ஃபட்32இல் ஃபோமட் செய்து, குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ணுங்கள்.